பழனி, விருப்பாட்சி, கொடைக்கானல்: சுதந்திர தின விடுமுறைக்கு ஒரு குடும்பப் பயணத் திட்டம்

ஆகஸ்ட் 15 வார இறுதியோடு ஒட்டி வந்துவிட்டால் ஊரே அன்று காலையில் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறும். பள்ளிகளில் கொடியேற்றும் நேரத்தில் பிள்ளைகள் மலைச்சாலையில் முன்னால் நிற்கும் வேனின் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சாமியும் கும்பிட வேண்டும், நாட்டின் நாளையும் நாளாகக் கொண்டாட வேண்டும் என்றால் சுற்றைத் திருப்பிப் போடுங்கள். 14ஆம் தேதி பழனி. 15 காலை விருப்பாட்சி, மதியம் பழனிச் சாலை வழியே மலையேற்றம். 16 காலை கொடைக்கானல், இறங்கும்போது வத்தலக்குண்டு. இரண்டு இரவுத் தங்கல் போதும்.

முதல் வேலை இ-பாஸ். 2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்குள் நுழையும் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். அறை பதிவு செய்த அன்றே அதையும் எடுத்துவிடுங்கள். வண்டி எண், ஆட்களின் எண்ணிக்கை, நுழையும் நாள், திரும்பும் நாள், தங்கும் இடம் எல்லாம் கேட்கும். பலர் சறுக்குவது தேதியில்தான்: வீட்டிலிருந்து கிளம்பும் 14ஆம் தேதியைப் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் மலைக்குள் நுழைவது 15. கிடைத்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இரண்டு போன்களில் வையுங்கள். சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில் சிக்னல் தேடிக்கொண்டு நின்றால் பின்னால் ஹாரன்தான் கேட்கும். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இது தேவையில்லை. கைக்குழந்தையோ முழங்கால் வலிக்காரரோ இல்லாத குடும்பத்துக்குப் பழனியிலிருந்து பேருந்தே நல்ல யோசனை.

5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை உண்டு, பிடிபட்டால் பாட்டிலுக்கு 20 ரூபாய். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில், வண்டிக்கு ஒரு பெரிய கேன் என்று வைத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை.

14ஆம் தேதி: பழனி

மதியத்துக்குள் பழனி சேர்ந்துவிடுங்கள். அடிவாரத்தில் திருஆவினன்குடியில் கும்பிட்டுவிட்டு மலையேறுவது முறை. சாயரட்சை என்னும் மாலைப் பூஜையில் முருகனுக்கு ராஜ அலங்காரம். அதைப் பார்க்க வேண்டுமானால் நான்கு மணிக்கே படியில் கால் வைக்க வேண்டும். படிகள் 693. பெரியவர்களும் சிறுபிள்ளைகளும் சேர்ந்து ஏற முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். யானைப்பாதை தூரம் கூடுதல், ஆனால் ஏற்றம் லேசு. முழங்கால் வலிக்காரர்களுக்கு அதுதான் சரி. சாரல் பிடித்த நாளில் படி வழுக்கும். இறங்கும்போது பிள்ளைகளைச் சுவர்ப்பக்கம் விட்டு, பெரியவர் வெளிப்பக்கம் வரட்டும்.

ரோப் காரை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். ஆண்டுப் பராமரிப்புக்காக அதை ஒரு மாதம்கூட நிறுத்துவார்கள். அந்த நிறுத்தம் பல வருடங்களில் ஜூலை, ஆகஸ்டை ஒட்டியே வந்திருக்கிறது. அப்போது கூட்டம் முழுவதும் விஞ்ச் என்னும் இழுவை ரயிலுக்குத் திரும்பும், வரிசை நீளும். தாத்தா பாட்டியை முதலில் விஞ்ச் வரிசையில் நிற்க வைத்துவிட்டு மற்றவர்கள் படியேறினால் இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒன்றாக மேலே சேரும். 2023 அக்டோபரிலிருந்து மலைக்கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. அடிவாரத்திலேயே ஒப்படைக்க வேண்டும். அதனால் பிரியும் முன்பே "மேலே கொடிமரத்துக்குப் பக்கத்தில், ஐந்து மணிக்கு" என்று இடத்தையும் நேரத்தையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கிரிவலப் பாதைக்குள் சொந்த வண்டி போகாது. வெளியே நிறுத்திவிட்டுத் தேவஸ்தானத்தின் பேட்டரி வண்டியில் சுற்றலாம்.

கலப்புக் குடும்பமாக இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். கொடிமரத்துக்கு அப்பால் போக விரும்பும் இந்து அல்லாதவர்கள், தெய்வ நம்பிக்கையோடும் கோயில் வழக்கத்தை மதித்தும் வருவதாக எழுதித் தர வேண்டும் என்று 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. உறவினர் முன்னால் வாசலில் நின்று வாதாடுவதைவிட, முந்தின நாளே பேசி முடிவு செய்வது அவருக்குச் செய்யும் மரியாதை.

இந்த மலையில் சுதந்திரத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச ஒரு நல்ல காரணம் இருக்கிறது. ஒடுக்கப்பட்டவர்களுக்குக் கதவு திறக்காத கோயிலுக்குள் போவதில்லை என்றிருந்த காந்தி, 1946 பிப்ரவரியில் பழனிக்கு வந்து இந்த முருகனை வணங்கினார். கோயில் நுழைவுக்கான சென்னை மாகாணச் சட்டம் 1947-இல் வந்தது. நாடு விடுதலை பெற்ற ஆண்டும் அதுதான். படியில் மூச்சு வாங்க உட்காரும்போது இதைச் சொன்னால் போதும், பிரசங்கம் வேண்டாம்.

பஞ்சாமிர்தத்தைத் தேவஸ்தானக் கடையில் வாங்குங்கள். ஈரக் கரண்டி பட்டால் புளிக்கும். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் வைத்தாலும் அதே கதி. இருக்கைக்கு அடியில் துணிப்பையில் வையுங்கள்.

கொடி விஷயத்தில் நடக்கும் தவறுகள்

பிள்ளைகள் சிக்னலில் விற்கும் கொடியைக் கேட்பார்கள். வாங்கும் முன் நீள அகலத்தைப் பாருங்கள்: கொடி 3:2 விகிதத்தில் இருக்க வேண்டும், சக்கரத்தில் 24 ஆரம். பிளாஸ்டிக் கொடி கூடாது. காகிதக் கொடியைப் பிடிக்கலாம், ஆனால் தரையில் போடக்கூடாது. எத்தனை கொடி கொடுத்தோம் என்று எண்ணி, மாலையில் அதே எண்ணிக்கையைத் திரும்ப வாங்கி ஒரு தகர டப்பாவில் போடுங்கள். கிழிந்ததை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தனியே எரிப்பதுதான் முறை, குப்பைத் தொட்டி அல்ல.

காரின் பானெட்டில் கொடி கட்டுவது பெரும்பாலானோர் செய்யும் தவறு. மோட்டார் வண்டியில் தேசியக் கொடி பறக்கவிடும் உரிமை குடியரசுத் தலைவர், ஆளுநர், அமைச்சர் போன்ற சிலருக்கு மட்டுமே. பானெட்டின் மேல் விரிப்பதற்கும் கூரையில் போர்த்துவதற்கும் தடைதான். இடுப்புக்குக் கீழே உடுத்தும் துணியில் கொடி வரக்கூடாது, கைக்குட்டையிலும் கூடாது. சட்டையில் குத்தும் சின்னக் கொடி போதும். குழந்தைக்கு மட்டும் ஊசியை உள்பக்கம் திருப்பிக் குத்துங்கள்.

15ஆம் தேதி: விருப்பாட்சியும் ஏற்றமும்

பழனியிலிருந்து ஒட்டன்சத்திரம் போகும் சாலையில் விருப்பாட்சி. ஏழு மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். முந்தின நாளே யாரிடமாவது பள்ளியிலும் ஊராட்சி அலுவலகத்திலும் எத்தனை மணிக்குக் கொடியேற்றம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர்க் குடும்பம் ஓரமாக வந்து நின்றால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஒரு கிலோ மிட்டாய் வாங்கிப் போய்த் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். நீங்களே வரிசையில் இறங்கி விநியோகிக்க வேண்டாம், அது அவர்கள் வீட்டு விசேஷம். தேசிய கீதம் 52 விநாடி. அந்த நேரத்தில் போன் பையில் இருக்கட்டும்.

பிறகு விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால் நாயக்கரின் மணிமண்டபம். 1772-இல் காளையார்கோயிலில் கணவர் கொல்லப்பட்ட பின் வேலு நாச்சியார் அடைக்கலம் புகுந்தது இந்தப் பாளையத்தில்தான். 1780-இல் அவர் சிவகங்கையை மீட்டார். அடைக்கலம் கொடுத்த கோபால் நாயக்கரைக் கம்பெனிப் படை 1801-இல் தூக்கிலிட்டது. பிள்ளைகளுக்கு இரண்டு பெயர், மூன்று ஆண்டு போதும். அதற்கு மேல் அவர்களே கேட்டால் சொல்லுங்கள். விருப்பாட்சி மலைவாழைப்பழத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. அரைச் சீப்பு வாங்கினால் மலைச்சாலைக்கு நல்ல தீனி.

அன்று அறநிலையத் துறைக் கோயில்கள் பலவற்றில் சிறப்பு வழிபாடும் பொது விருந்தும் நடக்கும். எல்லாரும் ஒரே பந்தியில் உட்காரும் சாப்பாடு என்பதால், பிள்ளைகளோடு போய் உட்கார வேண்டிய இடம் என்பேன். ஆனால் மலையேறப் போகிறவர்கள் அரை வயிற்றோடு எழுந்துவிடுங்கள்.

பழனியிலிருந்து கொடைக்கானல் 64 கிலோமீட்டர். பிள்ளைகளோடு மூன்று மணி நேரம் வையுங்கள். சாலை வளைந்து வளைந்து ஏறிப் பெருமாள்மலையில் பெரிய சாலையைச் சேரும். வாந்தி வருவதற்குக் காரணம், கண்ணுக்கு வண்டி நிற்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்கு அது திரும்புகிறது. ஆகவே போன் பார்க்கும் பிள்ளைக்குத்தான் முதலில் குமட்டும். போனை வாங்கிவிட்டுத் தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பண்டம் தராதீர்கள், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கள். மாத்திரை கொடுக்கும் வழக்கமிருந்தால் கிளம்பும் முன்பே கொடுக்க வேண்டும், பாதி வழியில் கொடுத்துப் பயனில்லை. மழை பலமாகப் பெய்த மறுநாள் இந்தச் சாலையில் மண் சரியலாம். கிளம்பும் முன் பழனிப் பேருந்து நிலையத்தில் கொடைக்கானல் ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இருட்டுவதற்குள் மேலே போய்விட வேண்டும். பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும், லோ பீமில் வாருங்கள்.

டாஸ்மாக் கடைகளுக்கு அன்று விடுமுறை. குடும்பத்தோடு மலைச்சாலையில் போகிறவர்களுக்கு இது சின்ன ஆறுதல்.

மாலையில் சலேத் மாதா ஆலயம். 1866-இல் கட்டப்பட்டது, ஆண்டுத் திருவிழா ஆகஸ்ட் 14, 15 தேதிகளில்தான். 15 மாதா விண்ணேற்புப் பெருவிழாவும் கூட. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இந்தப் பயணத்தின் நடுநாயகமே இதுதான். அவர்கள் பழனிப் பகுதியைச் சுருக்கிக்கொண்டு 14 இரவே மேலே வந்துவிடலாம், இ-பாஸிலும் அந்தத் தேதியையே போட வேண்டும். ஆலயத்துக்கு ஏறும் பாதை குறுகல், வண்டியைக் கீழே நிறுத்தி நடந்து போங்கள். மற்ற மதத்தவர் பின்வரிசையில் அமரலாம். பூசையில் அப்பம் வழங்கும் திருவிருந்துக்கு மட்டும் வரிசையில் நிற்காதீர்கள். 15 வெள்ளிக்கிழமையாக வந்தால் இஸ்லாமியக் குடும்பங்கள் ஜும்மாவைப் பழனியில் முடித்துவிட்டு ஏறுவது சுலபம், நடுவழியில் நேரம் தப்பிவிடும். ஆகஸ்ட்டில் சாரலும் குளிரும் சேர்ந்திருக்கும். ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், ஒரு ரெயின்கோட், மூன்று ஜோடி சாக்ஸ் வையுங்கள். ஈரச் சாக்ஸ் அங்கே ஒரே இரவில் காயாது.

16ஆம் தேதி: இறக்கம்

குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குக் காலையில் முதல் ஆளாகப் போங்கள். 1936-இல் இதைக் கட்டியவர் லேடி ராமநாதன், இலங்கையின் சர் பொன்னம்பலம் ராமநாதனை மணந்து சைவத்துக்கு வந்த வெள்ளைக்காரப் பெண்மணி. இன்று பழனித் தேவஸ்தானத்தின் கீழ் இருக்கிறது. மேகம் விலகினால் இங்கிருந்து பழனி தெரியும்.

பத்தரைக்குள் இறங்கத் தொடங்குங்கள். மதியத்துக்குப் பிறகு வெள்ளியருவிப் பக்கம் வண்டிகள் தேங்கிவிடும். இறக்கத்தில் இரண்டாம் கியர், தேவைப்பட்டால் முதல் கியர். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகிய வாடை வந்தால் ஓரம்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

சாப்பாடு வத்தலக்குண்டில். 1884-இல் சுப்பிரமணிய சிவா பிறந்த ஊர். 1908-இல் வ.உ.சி.யோடு கைதானவர், சிறையில் தொழுநோய் பற்றியது. அந்த நோயைக் காட்டி அரசு அவரை ரயிலில் ஏறவிடவில்லை. கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசி, 1925-இல் பாப்பாரப்பட்டியில் இறந்தார். சாப்பாடு வரும்வரை இதைச் சொல்ல நேரமிருக்கும். கிளம்பும் முன் தகர டப்பாவைத் திறந்து கொடிகளை ஒருமுறை எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்று குறைந்தால் அனேகமாக இருக்கை இடுக்கில்தான் இருக்கும்.