காரைக்குடியிலிருந்து சிகாகோ: தனியாக முதல் நெடுந்தூர விமானப் பயணம், தாமதத்தைச் சமாளிக்கும் வழியோடு

"ஆச்சி, தனியாவா போறீக? அவ்வளவு தூரமா?" டிக்கெட் போட்ட நாளிலிருந்து கிளம்பும் வரைக்கும் தெருவில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டது இது. மகளுக்குப் பிரசவ நேரம். வீட்டுக்காரருக்கு முழங்கால் முடியவில்லை. தனியாகத்தான் போயாக வேண்டும். அதற்கு முன் நான் விமானம் ஏறியது ஒரே தடவை, அதுவும் குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு.

கணக்குப்படி 22 மணி நேரப் பயணம். எனக்கு ஆனது 46 மணி நேரம். அந்தக் கூடுதல் 24 மணி நேரத்தில் நான் தெரிந்துகொண்டது, முன்பே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அதனால்தான் படிப்படியாக எழுதுகிறேன். தாமதம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். வரும் என்றே வைத்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள், பெட்டி கட்டுங்கள்.

படி 1: ஒரே பி.என்.ஆர்

டிக்கெட் போடும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. "சென்னையிலிருந்து கடைசி ஊர் வரைக்கும் ஒரே பி.என்.ஆரா?" என்று கேளுங்கள். பி.என்.ஆர் என்பது டிக்கெட்டில் இருக்கும் ஆறு எழுத்துக் குறியீடு. வளைகுடா வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து அமெரிக்காவுக்கு இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாக வாங்கினால் சில ஆயிரம் மிச்சமாகும். ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராமல் போன பயணி. அந்தப் பணம் போனதுதான், புது டிக்கெட் உங்கள் செலவு. ஒரே பி.என்.ஆர் என்றால், உங்களைக் கடைசி ஊர் வரை கொண்டுசேர்ப்பது அவர்கள் பொறுப்பு. என்னைக் காப்பாற்றியது இந்த ஒன்றுதான்.

நடுவில் மாறும் இடத்தில் குறைந்தது 3 மணி நேரமாவது இருக்கட்டும். டிசம்பர், ஜனவரி என்றால் 5 மணி நேரம் கேளுங்கள். காத்திருப்பது அலுப்புதான், ஆனால் தெரியாத ஊரில் வாயில் தேடி ஓடுவதற்கு அது எவ்வளவோ மேல்.

சிங்கப்பூர், கோலாலம்பூர் வழியாக ஆஸ்திரேலியா பக்கம் போகிறவர்களுக்குத் திருச்சியே போதும், காரில் 2 மணி நேரத்துக்குள் போய்விடலாம். அமெரிக்கா, ஐரோப்பா என்றால் எனக்குச் சென்னைதான் வசதியாகப் பட்டது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் டிக்கெட் போடும்போதே 'ஏஷியன் வெஜிடேரியன்' என்று பதிந்துவிடுங்கள். 'ஹிந்து மீல்' என்று இன்னொன்று இருக்கும். பெயரைப் பார்த்துச் சைவம் என்று நினைத்துவிட வேண்டாம், அதில் மாட்டிறைச்சி இருக்காதே தவிர மற்ற கறி இருக்கலாம்.

படி 2: பெட்டி கட்டுவது

வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், ஆத்தங்குடிக் கல் தரை மேல் இரண்டு பெட்டியையும் திறந்து வைத்துக்கொண்டு, மகளை வீடியோவில் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினேன். சீப்புச் சீடை, தேன்குழல், மாவுருண்டை எல்லாவற்றுக்கும் சரி என்றாள். கவுனி அரிசி 2 கிலோ எடுத்துக் காட்டியதும், "ஆத்தா, அதை வெளியே எடுங்க" என்றாள். தானிய வண்டுக்குப் பயந்து, இந்தியாவிலிருந்து பயணிகள் பெட்டியில் அரிசி கொண்டுவர அமெரிக்கா அனுமதிப்பதில்லை. பிள்ளை பெற்றவளுக்குக் கவுனி அரிசி இல்லாமலா என்று எனக்கு மனசே ஆறவில்லை. எடுத்து வைத்துவிட்டேன்.

அடுத்தது கசகசா. நம் ஊர்க் குருமாப் பொடியில் அது இல்லாமல் இருக்காது. ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள், சட்டப்படி குற்றம். விமானம் மாறத்தான் அங்கே இறங்குகிறோம் என்றாலும் அந்தப் பேச்சே வேண்டாம். பொடி அரைக்கும்போதே கசகசாவை விட்டுவிட்டு அரைத்துக்கொள்ளுங்கள்.

மிளகாய்ப் பொடி, மசாலாப் பொடி, ஊறுகாய், எண்ணெய் எல்லாம் கவுண்டரில் கொடுத்து விமானத்துக்கு உள்ளே போடும் பெட்டியில்தான் இருக்க வேண்டும், கைப்பையில் கூடாது. கொப்பரைத் தேங்காய் உள்ளே போடும் பெட்டியிலும் கூடாது. எண்ணெய்ப் பசை அதிகம், தீப்பிடிக்கும் என்பதால் தடை. பவர் பேங்க் இதற்கு நேர்மாறு, கைப்பையில் மட்டும்தான். 20,000 எம்.ஏ.எச் வரை உள்ளது என்றால் கவலையில்லை.

எடைக்குக் கொக்கித் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். என் டிக்கெட்டில் 23 கிலோ வீதம் 2 பெட்டி. 22 கிலோவோடு நிறுத்தினேன், ஏனென்றால் வீட்டுத் தராசும் விமான நிலையத் தராசும் ஒன்று போலக் காட்டுவதில்லை.

பழைய கண்டாங்கிச் சேலை ஒன்று நைந்து கிடந்தது. அதன் கரையில் இரண்டு துண்டு கிழித்துப் பெட்டிக் கைப்பிடியில் இறுகக் கட்டினேன். அரக்குச் சிவப்பில் மஞ்சள் கட்டம். பட்டையில் ஓடிவரும் நூறு கறுப்புப் பெட்டிகளுக்கு நடுவில் அது தூரத்திலிருந்தே தெரியும். கட்டியதும் பெட்டியை உங்கள் ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: கைப்பை

பெரிய பெட்டிகள் ஒரு நாள் உங்கள் கைக்கு வராது என்று நினைத்துக்கொண்டு கைப்பையைக் கட்டுங்கள். எனக்கு அப்படியே நடந்தது. பெரும்பாலும் 7 கிலோதான் அனுமதி. நான் வைத்திருந்தவை: ஒரு மாற்றுடை, சால்வை, பல்துலக்கி, ஒரு வாரத்துக்கான ரத்த அழுத்த மாத்திரை, மருந்தின் பெயர் தெளிவாக எழுதிய டாக்டர் சீட்டு, சார்ஜர், பேனா, ஒரு டப்பா தேன்குழல், காலித் தண்ணீர்ப் போத்தல். பாதுகாப்புச் சோதனை முடிந்தபின் போத்தலை நிரப்பிக்கொள்ளலாம். நீர்மமாக இருப்பது எதுவும் 100 மில்லிக்கு மேற்பட்ட புட்டியில் இருக்கக்கூடாது. பாதிப் புட்டிதான் இருக்கிறது என்று சொன்னாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், புட்டியின் அளவுதான் கணக்கு.

எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது ஒரு முழுத்தாள். மேலே பாஸ்போர்ட் எண், பி.என்.ஆர், மகள் முகவரி, அவள் ஃபோன் எண். கீழே நான் கேட்க வேண்டிய ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தேன்: "மை கனெக்‌ஷன் இஸ் மிஸ்ட். வாட் இஸ் மை நெக்ஸ்ட் ஃப்ளைட்?" "ஃபுட் வவுச்சர் ப்ளீஸ்." "வேர் இஸ் டிரான்ஸ்ஃபர் டெஸ்க்?" ஃபோனில் சார்ஜ் தீர்ந்தாலும் தாள் இருக்கும்.

படி 4: சென்னை வரை

விமானம் விடியற்காலை 4 மணிக்கு. முந்தின நாள் காலைப் பல்லவன் ரயிலில் ஏறி மதியம் எழும்பூரில் இறங்கிவிட்டேன். ராத்திரிக் காரில் போனால் போதும் என்று தம்பி சொன்னான். நான் கேட்கவில்லை. வழியில் ஒரு டயர் போனாலும் டிக்கெட் போச்சு. எழும்பூரிலிருந்து மெட்ரோவும் உண்டு, திரிசூலம் வரை மின்சார ரயிலும் உண்டு. பெட்டி இரண்டு இருந்ததால் நான் டாக்சி எடுத்தேன்.

படி 5: கவுண்டர்

3 மணி நேரம் முன்னால் போங்கள். பெட்டியில் ஒட்டும் சீட்டைக் கட்டாயம் படியுங்கள். கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறி அதில் இருக்க வேண்டும். சிகாகோ ஓஹேருக்கு ஓ.ஆர்.டி. "பெட்டி சிகாகோ வரைக்கும் போகுமா?" என்று வாய்விட்டும் கேளுங்கள். இரண்டு விமானத்துக்கும் போர்டிங் பாஸ் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டிக்கான சின்ன ஒட்டுச்சீட்டைப் போர்டிங் பாஸ் பின்னால் ஒட்டித் தருவார்கள், அது தொலையக்கூடாது.

படி 6: தாமதம் என்று திரையில் வந்தால்

நான் கிளம்பிய நாள் போகி. பனியோடு பழைய பாய், துணி எரித்த புகையும் சேர்ந்து ஓடுபாதை கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற விமானத்தின் வால் கூடத் தெரியாமல் வெள்ளையாக இருந்தது. முதலில் 5 மணி என்றார்கள், பிறகு 6:30, பிறகு ஒன்றுமே சொல்லவில்லை. கிளம்பியபோது 9:20. சென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள் போகி விடியலில் டிக்கெட் போடாதீர்கள் என்று மனதாரச் சொல்கிறேன்.

இந்த நேரத்தில் செய்ய வேண்டியது: வாயிலை விட்டுத் தூரமாகப் போகாதீர்கள், அறிவிப்பு திடீரென்று மாறும். முதலில் கவுண்டரில் நிற்பவரிடம் தொடர்விமானத்தின் நேரத்தைக் காட்டி, "இது கிடைக்குமா?" என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் அங்கேயே மாற்றித் தரச் சொல்லலாம். பிறகு சாப்பாடு கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம். இந்திய விமான நிறுவனங்களுக்கு, அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ வகுத்த விதிப்படி, நீண்ட பயணத்தில் 4 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் காத்திருப்பவர்களுக்கு உணவு தர வேண்டும். உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் வேறு விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். 24 மணி நேரத்துக்கு மேல் ஆனாலோ, இரவு 8 மணிக்கும் விடியற்காலை 3 மணிக்கும் இடையில் கிளம்ப வேண்டியது 6 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனாலோ தங்குமிடம் உண்டு. பனி, புயல் போன்றவற்றுக்கு இழப்பீடாகப் பணம் வராது. ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் விமானங்களுக்கு விதி வேறு. காரணம் நிறுவனத்தின் கையில் இருந்தது என்றால் 600 யூரோ வரை கேட்க வழி இருக்கிறது.

சத்தம் போட்டவர்கள் சிலர் இருந்தார்கள். பனியை அந்தக் கவுண்டர் பிள்ளை என்ன செய்வாள்? எனக்கு முன்னால் நின்றவர் திட்டிவிட்டுப் போனார். நான், "ராத்திரியெல்லாம் நின்னுக்கிட்டே இருக்கியேம்மா" என்றேன். அவளே என் தொடர்விமானத்தைக் கணினியில் பார்த்து, "அம்மா, இது கிடைக்காது. அங்க இறங்குனதும் நேரா டிரான்ஸ்ஃபர் டெஸ்க் போங்க" என்று தாளில் எழுதிக் கொடுத்தாள்.

படி 7: தொடர்விமானம் போய்விட்டால்

இறங்கியதும் 'வெளியே' என்ற பலகையைப் பின்பற்றாமல் 'டிரான்ஸ்ஃபர்' பலகையைப் பின்பற்றுங்கள். அந்த மேசையில் பாஸ்போர்ட்டையும் பழைய போர்டிங் பாஸையும் வையுங்கள், தாளில் எழுதியதைப் படியுங்கள். எனக்கு மறுநாள் அதே நேர விமானத்தில் இடம் முன்பே போட்டு வைத்திருந்தார்கள். விடுதி, சாப்பாட்டுச் சீட்டு, ஊருக்குள் போய்வர அனுமதி எல்லாம் நிறுவனமே ஏற்பாடு செய்தது. அங்கே மூன்று கேள்வி மறக்காதீர்கள்: புதுப் போர்டிங் பாஸ் எங்கே, பெட்டி புது விமானத்தில் ஏறுமா, சைவச் சாப்பாட்டுப் பதிவு இருக்கிறதா? விமானம் மாறினால் சாப்பாட்டுப் பதிவு சில நேரம் விடுபட்டுப் போகும். என்னுடையது விடுபட்டிருந்தது, கேட்டதால் சரிசெய்தார்கள்.

வீட்டுக்குத் தகவல் சொல்ல விமான நிலைய வைஃபை போதும். அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் பேச முடியாது. எழுத்தும் குரல் பதிவும் போகும். 'அழைப்பு போகவில்லையே' என்று பதறாமல் குரல் பதிவு அனுப்புங்கள்.

விடுதி அறையில் அன்று ராத்திரி எங்கள் ஐயா (தாத்தா) ஞாபகம் வந்தது. பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்குப் போனால் மூன்று வருஷம் கழித்துத்தான் ஊர் திரும்புவாராம், கடுதாசி ஒன்றே துணை. எனக்கு ஒரு ராத்திரி, கையில் ஃபோன். கதவைத் தாழிட்டு, அலாரம் இரண்டு வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன்.

படி 8: அந்த 15 மணி நேரம்

நடைபாதை ஓர இருக்கை எடுங்கள். 2 மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நடங்கள், உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். அசையாமல் மணிக்கணக்கில் இருந்தால் காலில் ரத்தம் உறைய வாய்ப்புண்டு. ஏற்கெனவே அந்தத் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள். இறங்கும்போது காது அடைத்தால் மிட்டாய் சப்பி எச்சில் விழுங்குங்கள்.

படி 9: இறங்கிய பிறகு

குடியேற்ற அதிகாரி கேட்டதற்கு மட்டும் பதில். எங்கே தங்குவீர்கள், எத்தனை நாள், எதற்கு என்று கேட்பார். உள்ளதைச் சொல்லுங்கள். உணவுப் பொருள் இருக்கிறதா என்றால் "யெஸ்" என்று சொல்லிப் பட்டியலைக் காட்டுங்கள். மறைத்தால்தான் அபராதம்.

பெட்டி வரவில்லையென்றால் அந்தக் கூடத்தை விட்டு வெளியேறாமல் புகார் எழுதி, எண் வாங்குங்கள். சேதமென்றால் 7 நாளுக்குள், தாமதமாக வந்ததென்றால் கைக்குக் கிடைத்த 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். எனக்கு ஒரு பெட்டிதான் வந்தது. இன்னொன்றுக்கு அடையாளம் கேட்டபோது ஃபோனில் இருந்த கண்டாங்கித் துண்டுப் படத்தைக் காட்டினேன். இரண்டாம் நாள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

ஜனவரியில் நம் நேரம் சிகாகோவைவிட 11:30 மணி நேரம் முன்னால். போன அன்று பகலில் படுக்காதீர்கள், ராத்திரி 9 மணி வரை எப்படியாவது விழித்திருங்கள். அப்படியும் முதல் ராத்திரி 2 மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிட்டது. சமையலறையில் விளக்கு எரிந்தது. மகள் பசிக்கிறது என்று எழுந்து வந்து நின்றிருந்தாள். கைப்பையிலிருந்த தேன்குழல் டப்பா இன்னும் பாதிக்கு மேல் இருந்தது.