நட் போல்ட்டைக் கழலாமல் முடுக்குவது எப்படி? தொடக்கநிலையாளர்களுக்கான செய்முறை

இரண்டு தகடுகளில் ஓட்டை போட்டு, போல்ட்டை நுழைத்து, நட்டை மாட்டி, இருக்கிற பலத்தையெல்லாம் காட்டி முடுக்கினால் வேலை முடிந்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி முடுக்கியவை ஒன்று அறுந்துபோகின்றன, இல்லையென்றால் கொஞ்ச நாள் அதிர்வில் லூஸாகி நட் தனியாகக் கழன்று விழுகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: போல்ட் உண்மையில் எப்படிப் பிடிக்கிறது என்பது தெரியாமல் முடுக்குவது.

போல்ட் ஒரு விறைப்பான ஸ்பிரிங். நட்டைத் திருப்பத் திருப்ப போல்ட் நீள்கிறது. நீண்ட போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் தகடுகளை ஒன்றோடொன்று அழுத்தி வைக்கிறது. தகடுகள் பக்கவாட்டில் நகராமல் காப்பது அந்த அழுத்தத்தால் வரும் உராய்வு. போல்ட்டின் தண்டு ஓட்டைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்று தாங்குவதாக நினைப்பது தவறு. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு படியும் ஏன் என்று தானாகப் புரியும்.

எடுத்துக்காட்டுக்கு, தலா 10 மி.மீ. கனமுள்ள இரண்டு எஃகுத் தகடுகளை நான்கு எம்8 போல்ட்டுகளால் இணைப்போம். எம்8 என்றால் மரையின், அதாவது போல்ட்டின் மேல் சுற்றிச் சுற்றி வெட்டியிருக்கும் திருகுவரியின், வெளிவிட்டம் 8 மி.மீ. சாதாரண எம்8 மரையில் ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடைவெளி 1.25 மி.மீ. நட் ஒரு முழுச்சுற்று சுற்றினால் அவ்வளவு தூரம்தான் நகரும்.

படி 1: போல்ட்டைத் தேர்ந்தெடுங்கள்

போல்ட்டின் தலையைப் பாருங்கள். 8.8, 10.9, 12.9 என்று ஏதாவது ஓர் எண் பொறித்திருக்கும். முதல் எண்ணை 100-ஆல் பெருக்கினால் அந்த எஃகு அறுபடும் வலிமை மெகாபாஸ்கலில் (ஒரு சதுர மி.மீ.-க்கு இத்தனை நியூட்டன் என்ற அளவு) கிடைக்கும். புள்ளிக்குப் பின்னால் உள்ள எண், அதில் எத்தனை பங்கில் போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்று சொல்லும். 8.8 என்றால் 800 மெகாபாஸ்கலில் அறுபடும், அதில் 80 சதவீதமான 640-இல் நிரந்தரமாக நீளத் தொடங்கும். எண்ணே இல்லாத போல்ட்டைப் பாரம் தாங்கும் இடத்தில் போடாதீர்கள். 8.8 போல்ட்டுக்கு 8 என்று பொறித்த நட்தான் ஜோடி.

நீளத்தைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். தகடுகள் 20 மி.மீ., இரண்டு பக்கமும் வாஷர் தலா 1.6, நட்டின் உயரம் 6.8, நட்டைத் தாண்டி இரண்டு மரையாவது வெளியே தெரிய 2.5. மொத்தம் 32.5. ஆக 35 மி.மீ. போல்ட் சரி. 30 வாங்கினால் நட்டைத் தாண்டி மரை எதுவும் வெளியே தெரியாது.

எந்த நட்டும் அதே அளவுள்ள எந்த போல்ட்டிலும் ஏறும் என்பதை இன்று நாம் யோசிப்பதே இல்லை. முன்பு ஒவ்வொரு பட்டறையும் தன் விருப்பத்துக்கு மரை வெட்டியது. 1841-இல் இங்கிலாந்தின் ஜோசப் விட்வர்த், மரையின் கோணம் 55 டிகிரி, ஒவ்வொரு விட்டத்துக்கும் இத்தனை புரி என்று ஒரே ஒழுங்கை முன்வைத்தார். 1864-இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 டிகிரி மரையை முன்மொழிந்தார். நம் கையில் உள்ள எம்8-இன் கோணமும் 60 டிகிரிதான். பழைய இயந்திரங்களைப் பிரிக்கும்போது இரண்டு வகையும் கைக்கு வரும், கலந்துவிடாதீர்கள்.

படி 2: ஓட்டை

போல்ட் தாராளமாக நுழையும் ஓட்டைக்கு எம்8-க்கு 9 மி.மீ. டிரில் பிட் போதும். நட் இல்லாமல் தகட்டிலேயே மரை வெட்டப் போகிறீர்கள் என்றால் 6.8 மி.மீ. ஓட்டை போட்டு டேப் (ஓட்டைக்குள் மரை வெட்டும் கருவி) அடிக்க வேண்டும்.

ஓட்டை போட்டதும் விளிம்பில் விரல் நுனியை மெதுவாக வைத்துப் பாருங்கள், கீறிவிடாமல் கவனமாக. கூர்மையாக நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு தட்டுப்படும். அதைப் பெரிய டிரில் பிட்டால் லேசாக வழித்துவிடுங்கள். வாஷர் உட்காரும் இடத்திலும், தகடுகள் ஒன்றையொன்று தொடும் இடத்திலும் பெயிண்ட், துரு எதுவும் இருக்கக் கூடாது.

இது வெறும் சுத்தம் பார்க்கிற பழக்கம் இல்லை. நம் எம்8 போல்ட்டைச் சரியாக முடுக்கினால் அது எவ்வளவு நீளும் தெரியுமா? ஏறக்குறைய 0.05 மி.மீ. அந்தத் துளி நீட்சிதான் ஒன்றரை டன்னுக்கும் மேலான பிடியைத் தருகிறது. ஒரு கோட்டிங் பெயிண்டே அந்த அளவு கனம் இருக்கும். வாஷருக்கு அடியில் இருக்கும் பெயிண்ட் நாளடைவில் நசுங்கினால், போல்ட் அந்த அளவுக்குச் சுருங்கிக்கொள்ளும், பிடி போய்விடும். நட் ஒரு டிகிரிகூடத் திரும்பியிருக்காது, இணைப்பு மட்டும் லூஸாகியிருக்கும். பிசிறு, துரு, இடையில் வைத்த மெத்தென்ற ரப்பர் எல்லாம் இதையேதான் செய்யும்.

படி 3: கையால் ஏற்றுங்கள்

ஸ்பேனரை இன்னும் தொடாதீர்கள். நட்டை மரையின் வாயில் வைத்து, முதலில் பின்னோக்கி, அதாவது கழற்றும் திசையில், மெல்லத் திருப்புங்கள். ஓரிடத்தில் ‘டக்’ என்று நட் சற்றே இறங்கும். இரண்டு மரைகளின் தொடக்கமும் ஒன்றுக்கொன்று நேராக வந்துவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்து முன்னோக்கித் திருப்பினால் வழுக்கிக்கொண்டு ஏறும். இரண்டு மூன்று சுற்று விரலாலேயே ஏறவில்லை என்றால் மரை சாய்ந்து ஏறுகிறது, கழற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள். அந்த நிலையில் ஸ்பேனர் போட்டுத் திருகினால் மரை காலி.

நான்கு போல்ட்டுகளையும் இப்படிக் கையால் ஏற்றிய பிறகே அடுத்த படி. ஒன்றை முழுதாக முடுக்கிவிட்டால் மற்றவற்றின் ஓட்டைகள் விலகி நிற்கும்.

படி 4: டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள்

டார்க் ரெஞ்ச் என்பது, நாம் வைத்த அளவுக்குத் திருப்பு விசை வந்ததும் ‘கிளிக்’ என்று சொல்லும் ஸ்பேனர். அந்த அளவு நியூட்டன் மீட்டரில் இருக்கும்: எண்ணெய் இல்லாத எம்8, 8.8 போல்ட்டுக்குச் சுமார் 25 நியூட்டன் மீட்டர். உங்கள் இயந்திரத்தின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

நாம் கொடுக்கும் திருப்பு விசையில் ஏறக்குறைய பாதி, நட்டின் அடிப்பாகம் வாஷரோடு உராய்வதில் போகிறது. இன்னொரு 40 சதவீதம் மரைகளுக்கு இடையிலான உராய்வில் போகிறது. போல்ட்டை நீட்டுவதற்கு மிஞ்சுவது பத்தில் ஒரு பங்குதான். அதனால் உராய்வு கொஞ்சம் மாறினாலும் நீட்சி நிறைய மாறும். மரையில் எண்ணெய் தடவிவிட்டு அதே 25-ஐக் கொடுத்தால் போல்ட்டின் இழுவிசை மூன்றில் ஒரு பங்கு கூடி, அது பாதுகாப்பாகத் தாங்கும் எல்லையைத் தொட்டுவிடும். எண்ணெய் போட்டால் 19 அளவுக்குக் குறையுங்கள். துருப்பிடித்த மரையில் இதற்கு நேர்மாறு: ரெஞ்ச் ‘கிளிக்’ என்று சொல்லும், போல்ட் நீண்டிருக்கவே நீண்டிருக்காது.

போல்ட்டின் தலையை 13 மி.மீ. ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, நட்டைத் திருப்புங்கள். ஒரு போல்ட், அடுத்து அதற்கு மூலைவிட்டமாக எதிரே உள்ளது என்று மாற்றி மாற்றிப் போங்கள். முதல் சுற்றில் 8, இரண்டாவதில் 17, மூன்றாவதில் 25. ஒன்றை முடுக்கும்போது தகடு மேலும் நசுங்கி, பக்கத்தில் உள்ளது தளர்கிறது. ஆகவே கடைசியாக 25-லேயே வட்டமாக ஒரு சுற்று. ரெஞ்சைக் கைப்பிடியில் பிடித்து ஒரே சீராக இழுங்கள். கிளிக் கேட்டதும் நிறுத்துங்கள். நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னொரு கிளிக் வேண்டாம், அது கூடுதல் முடுக்கம்தான்.

துருப்பிடிக்காத எஃகு போல்ட் என்றால் மரைக்குக் கட்டாயம் லூப்ரிகன்ட் போடுங்கள். உலர்ந்த நிலையில் வேகமாக முடுக்கினால் இரண்டு மரையும் ஒன்றோடொன்று ஒட்டிப்பிடித்துக்கொள்ளும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

படி 5: கழலாமல் காப்பது

இங்கேதான் தவறான நம்பிக்கைகள் அதிகம். ஸ்பிரிங் வாஷர் போட்டுவிட்டால் போதும் என்பது அவற்றில் முதலாவது. 1969-இல் ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர், தகடுகள் பக்கவாட்டில் முன்னும் பின்னும் நழுவும்போதுதான் நட் தானாகத் திரும்பிக் கழல்கிறது என்று சோதனைகளில் காட்டினார். அந்த அசைவை ஸ்பிரிங் வாஷர் தடுப்பதில்லை. முழு முடுக்கத்துக்கு வெகு முன்பே அது தட்டையாகிவிடும். அதற்குப் பிறகு அது இன்னொரு சாதா வாஷர், அவ்வளவுதான். என்னைக் கேட்டால், பாரம் தாங்கும் இணைப்பில் அதை நம்பியிருக்கவே கூடாது.

முதல் காவல், போதுமான முடுக்கம். தகடு நழுவாவிட்டால் நட் கழலாது. அதற்கு மேலும் காவல் தேவைப்பட்டால் அதிர்வைப் பொறுத்துத் தேர்ந்தெடுங்கள். நைலான் வளையம் வைத்த லாக் நட், பிடி தளர்வதைத் தடுக்காது, ஆனால் தளர்ந்த நட் விழுந்துவிடாமல் காக்கும். அதிக வெப்பமுள்ள இடத்தில் நைலான் இளகும், அங்கே வேண்டாம். மரைக்குப் போடும் பசை இன்னும் உறுதியானது. காற்று படாமல் உலோகத்தின் நடுவே சிக்கினால் இறுகும் இந்தப் பசையை 1953-இல் அமெரிக்காவின் வெர்னன் கிரீபிள் உருவாக்கினார். லாக்டைட் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். நீல நிறத்தது சாதாரண கருவிகளால் கழற்றக் கூடியது, சிவப்பைக் கழற்றப் பெரும்பாலும் சூடு காட்ட வேண்டும். பசை ஈரமாக இருக்கும்போது எண்ணெயைப் போல வழுக்கும், ஆகவே பசை தயாரிப்பாளர் சொல்லும் முடுக்க அளவைப் பாருங்கள்.

இரட்டை நட் போடுவதென்றால் மெல்லிய நட் கீழே, தகட்டை ஒட்டி வர வேண்டும். கனமான நட் மேலே. பாரத்தைத் தாங்கப்போவது மேலே உள்ளதுதான். பலர் தலைகீழாகப் போடுகிறார்கள்.

படி 6: குறி வைத்து, திரும்பப் பாருங்கள்

நட்டிலிருந்து தகட்டின் மேல் வரை பெயிண்ட் பேனாவால் ஒரே நேர்கோடு இழுங்கள். நட் திரும்பினால் கோடு உடைந்து தெரியும், தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம். கோடு அப்படியே இருந்தும் லூஸ் என்றால் படி 2-இல் சொன்னபடி உள்ளே ஏதோ நசுங்கியிருக்கிறது: பிரித்து, பெயிண்ட்டையோ பிசிறையோ தேடுங்கள்.

நன்றாகச் செய்த இணைப்பிலும் முதல் சில மணி நேரத்தில் மேற்பரப்பின் நுண்ணிய மேடுகள் அமுங்கிப் பிடி கொஞ்சம் குறையும். அதனால் இயந்திரம் சிறிது நேரம் ஓடிய பிறகு, அதே 25-இல் ஒருமுறை சரிபாருங்கள். பசை போட்ட இணைப்பில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், இறுகிய பசை உடைந்துவிடும்.

பின்னாளில் பிரிக்க நேர்ந்தால், நைலான் நட்டை விரலால் போல்ட்டில் ஏற்றிப் பாருங்கள். வளையம் வரும் இடத்தையும் தாண்டி விரலாலேயே சுலபமாக ஏறினால் நைலான் தேய்ந்துவிட்டது, புதிதாக மாற்றுங்கள். போல்ட்டைப் புதிய ஒன்றின் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். நீளம் கூடியிருந்தாலோ, நடுவில் மரை மெலிந்திருந்தாலோ அதை மறுபடி மாட்ட வேண்டாம்.