ஒரு கிலோ முட்டையின் சூழல் சுமையைக் கணக்கிடுவது எப்படி?

நாமக்கல் பக்கத்து முட்டைக்கோழிப் (லேயர்) பண்ணை ஒன்றின் சூழல் பாதிப்பைக் கணக்கிடச் சொன்னால், புதியவர்கள் முதலில் எடுப்பது மின்கட்டண ரசீதைத்தான். பக்கவாட்டில் திறந்த கொட்டகையில் மின்சாரம் சிறு தொகை. பெரும் சுமை தீவனத்தோடு உள்ளே வந்து, கூண்டுக்கு அடியில் எருவாகத் தேங்குகிறது. அதனால் கணக்கையும் தீவனத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

படி 1: அலகும் எல்லையும்

முட்டை எண்ணிக்கையில் போடாதீர்கள், கிலோவில் போடுங்கள். இப்போதுதான் முட்டையிடத் தொடங்கிய இளங்கோழியின் (புல்லட்) முட்டைக்கும் முதிர்ந்த கோழியின் முட்டைக்கும் எடை வித்தியாசம் அதிகம். ஒரு மாதப் பதிவும் போதாது. குஞ்சு இறங்கிய நாள் முதல், முட்டைக் காலம் முடிந்த கழிவுக் கோழி விற்ற நாள் வரை ஒரு முழு பேட்சின் பதிவு வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். முட்டையிடத் தொடங்கும் முன்பே ஒரு கோழி ஆறேழு கிலோ தீவனம் தின்றுவிடும். அதை விட்டுவிட்டால் மொத்தத் தீவனக் கணக்கு ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைத்துக் காட்டும். இறந்த கோழிகள் தின்ற தீவனமும் கணக்கில் சேரும்.

படி 2: தீவனம்

10,000 கோழிகள், 90 சதவீத முட்டை (தினமும் 100 கோழிக்கு 90 முட்டை), சராசரி எடை 55 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தினமும் 495 கிலோ முட்டை கிடைக்கும். கோழிக்கு 110 கிராம் வீதம் தீவனம் 1,100 கிலோ. அதாவது ஒரு கிலோ முட்டைக்குச் சுமார் 2.2 கிலோ தீவனம்.

இனி தீவனக் கலவையைப் பிரியுங்கள்: மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு, தவிடு, கல்தூள். ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று லாரி ரசீதைப் பார்த்து எழுதுங்கள். பெரம்பலூர் மக்காச்சோளமும் பீகாரிலிருந்து ரயிலில் வந்ததும் ஒன்றல்ல. ஐரோப்பிய ஆய்வுகளில் சோயாவுக்குத் தந்துள்ள உமிழ்வுக் கணக்கை அப்படியே எடுப்பது பெரிய பிழை. அதில் பிரேசிலின் காடழிப்பும் சேர்ந்திருக்கலாம். இங்கே வரும் சோயா பெரும்பாலும் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரத்தில் விளைந்தது.

மக்காச்சோளத்தில் பார்க்க வேண்டியது உரம். ஏக்கருக்கு 100 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) இட்டு 2.5 டன் அறுத்தால், டன்னுக்கு 40 கிலோ தழைச்சத்து. அதில் ஒரு சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறுகிறது என்பது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் பொது எண். அந்த வாயு பூமியைச் சூடாக்கும் திறன் கரியமில வாயுவைப் போல 273 மடங்கு. பெருக்கினால் (0.4 × 44/28 × 273; 44/28 என்பது நைட்ரஜன் எடையை நைட்ரஸ் ஆக்சைடு எடையாக மாற்ற) டன்னுக்குச் சுமார் 172 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். தீவனத்தில் 55 சதவீதம் மக்காச்சோளம் என்றால் நாளொன்றுக்கு 104 கிலோ. யூரியா ஆலையில் எரியும் எரிவாயு இதில் சேரவில்லை.

படி 3: எரு

எருவை எடை போட முடியாவிட்டால் நைட்ரஜன் வரவு செலவு போடுங்கள். புரத எடையை 6.25-ஆல் வகுத்தால் அதிலுள்ள நைட்ரஜன் கிடைக்கும். தீவனத்தில் 17 சதவீதப் புரதம்: 1,100 × 0.17 ÷ 6.25 = 30 கிலோ நைட்ரஜன் உள்ளே. முட்டையில் 12 சதவீதப் புரதம்: 495 × 0.12 ÷ 6.25 = 9.5 கிலோ வெளியே. மீதி 20 கிலோவுக்கு மேல் எருவில். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருப்பதும் ஏறக்குறைய இவ்வளவுதான். தினம் ஒரு மூட்டை!

ஐபிசிசியின் 2006 வழிகாட்டியின்படி, படுக்கை (உமி, மரத்தூள் போன்ற பரப்பு) இல்லாத கோழி எருவில் 55 சதவீத நைட்ரஜன் பறந்துபோகிறது, பெரும்பாலும் அம்மோனியாவாக. அதில் நூற்றில் ஒரு பங்கு வேறிடத்தில் படிந்து நைட்ரஸ் ஆக்சைடாகிறது. எருவிலிருந்து நேரடியாக வருவதையும் சேர்த்தால் நாளொன்றுக்கு 57 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். காய்ந்த எருவில் மீத்தேன் மிகக் குறைவு. குழம்பாகக் குட்டையில் தேங்கினால் பல மடங்கு ஏறும்.

படி 4: மின்சாரம், டீசல்

கரியமில வாயு மின்சார யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ, டீசல் லிட்டருக்கு 2.68 கிலோ. தினம் 40 யூனிட் ஓடினால் 28 கிலோ. எருவும் மின்சாரமும் சேர்ந்தாலும், மக்காச்சோள வயலின் நைட்ரஸ் ஆக்சைடு என்ற ஒரே ஒரு வாயுவைவிடக் குறைவு என்பதைக் கவனியுங்கள்.

மொத்தத்தை விற்ற முட்டையின் எடையால் வகுங்கள். கழிவுக் கோழிக்கும் விலை உண்டு. வருமான விகிதத்தில் அதற்கும் ஒரு பங்கைப் பிரித்துக் கொடுங்கள். எரு தென்னந்தோப்புக்குப் போவதால் சுமையைக் கழிக்கலாமா? அந்த விவசாயி அதே அளவு யூரியாவை உண்மையில் குறைத்திருந்தால் மட்டும்.

படி 5: ஊரின் காற்றும் கிணறும்

கரியமில எண் எவ்வளவு நேர்த்தியாக வந்தாலும், பக்கத்து வீட்டின் நாற்றமும் ஈயும் அதில் தெரியாது. இந்தப் படியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

அம்மோனியாவை வாயு அளவுக் குழாயால், கோழியின் தலை மட்டத்தில், காற்றில்லாத விடியற்காலையில் பாருங்கள். 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு) தாண்டக் கூடாது. மூக்கை நம்ப வேண்டாம். கொட்டகையிலேயே இருப்பவருக்கு நாற்றம் பழகிப்போயிருக்கும்.

எருவில் 100 கிராம் எடுத்து, எடை இனி குறையாது என்ற நிலை வரும் வரை உலர்த்துங்கள். எத்தனை கிராம் குறைந்ததோ அதுவே ஈரப்பத சதவீதம். புது எச்சத்தில் 75 வரை இருக்கும். பழைய குவியலிலும் அப்படியே இருந்தால் மேலே நிப்பிள் (கோழி கொத்திக் குடிக்கும் தண்ணீர்க் குமிழ்) ஒழுகுகிறது, அல்லது மழைச்சாரல் உள்ளே அடிக்கிறது. ஈப்புழு அங்கேதான் பெருகும். நிப்பிளை மாற்றாமல் சுண்ணாம்பு மட்டும் தூவினால், காரத்தன்மை கூடி அம்மோனியா இன்னும் வேகமாகப் பறக்கும்.

கிணற்று நீரை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் பின்பும் சோதியுங்கள். கொட்டகைக்கு மேட்டுப்பக்கம் ஒரு கிணறு, பள்ளப்பக்கம் ஒரு கிணறு. குடிநீரில் நைட்ரேட் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். இரண்டிலும் ஒரே அளவு கூடியிருந்தால் காரணம் சுற்றுவட்டார வயல் உரமாக இருக்கலாம். பள்ளப்பக்கம் மட்டும் மழைக்குப் பின் ஏறினால், எருக்குவியலுக்குக் கூரையும் சிமெண்ட் தளமும் போடும் வேலையை உடனே தொடங்குங்கள்.