பி.எல்.சி.க்கு 24 வோல்ட் கொடுக்கும்போது ஜீரோ ஒயரையும் கவனியுங்கள்

ஒரு இயந்திரத்தின் பி.எல்.சி. (இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி) நாளுக்கு இரண்டு மூன்று முறை தானாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் புரோகிராமில் தேடினேன். பி.எல்.சி.யின் சப்ளை மாட்யூலையே மாற்றிப் பார்த்தேன். அதற்கு 24 வோல்ட் டி.சி. கொடுக்கும் பவர் சப்ளையான எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மீட்டர் வைத்தால் 24.1 வோல்ட், ஒரு குறையும் இல்லை. கடைசியில் மீட்டரை மாட்யூலின் டெர்மினலிலேயே மாட்டி, மிகக் குறைந்த, மிக அதிக அளவுகளைப் பிடித்து வைக்கும் மின்-மேக்ஸ் (min-max) பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருந்தேன். நான்கு வால்வுகள் சேர்ந்து இயங்கிய நேரத்தில் 17.8 காட்டியது. பிளஸ் ஒயர் தனியாகத்தான் வந்திருந்தது. ஜீரோ ஒயரோ, அதாவது மைனஸ் ஒயரோ, வால்வு, விளக்கு, காண்டாக்டர் (மோட்டார் போன்றவற்றை ஆன் ஆஃப் செய்யும் மின் சுவிட்ச்) என்று எட்டு டெர்மினல் சுற்றிவிட்டுக் கடைசியாக பி.எல்.சி.க்கு வந்திருந்தது. அதில் முதல் டெர்மினலின் ஸ்க்ரூ தளர்ந்திருந்தது.

அன்றிலிருந்து நான் 24 வோல்ட் ஒயரிங்கைத் தொடங்குவதே ஜீரோவிலிருந்துதான். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மைனஸிலிருந்து மாட்யூலுக்கு நேராக ஒரு ஒயர், வழியில் யாருக்கும் கிளை கிடையாது. பிளஸும் அப்படியே. வால்வுகளுக்கும் காண்டாக்டர்களுக்கும் வேறு ஒயர். முடிந்தால் வேறு எஸ்.எம்.பி.எஸ்.ஸே வைத்துவிடுங்கள், பிறகு நிம்மதி.

ஒயர் போடும் முன் மாட்யூலின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். 24 வோல்ட், 48 வோல்ட், 110 வோல்ட் மாட்யூல்கள் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். 24 வோல்ட் மாட்யூல்கள் பல 20.4 முதல் 28.8 வரை தாங்கும். கீழ்ப்பக்கம் இருப்பது வெறும் 3.6 வோல்ட் இடம்தான், அதைத் தூரமே தின்றுவிடும். 1 சதுர மி.மீ. செம்பு ஒயருக்கு மீட்டருக்குச் சுமார் 0.019 ஓம். பேனல் 30 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 60 மீட்டர், அதாவது 1.1 ஓமுக்கு மேல். 3 ஆம்பியர் ஓடினால் 3.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். அதே தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 1.4 வோல்ட்டுக்குள் நிற்கும். ஒயரில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பிளஸில் ஃப்யூஸ் அல்லது எம்.சி.பி. கட்டாயம் வேண்டும். எம்.சி.பி. என்றால் டி.சி.க்கு ஏற்றது என்று அதன் மேலேயே எழுதியிருக்க வேண்டும். ஏ.சி. மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி தானே அணையும். டி.சி.யில் அந்த இடைவெளியே கிடையாது.

மல்டி ஸ்ட்ராண்ட் ஒயரின் முனைக்கு ஃபெரூல் என்னும் சிறு உலோகக் குழாயைப் போட்டு, கருவியால் அழுத்தி கிரிம்ப் செய்யுங்கள். ஈயம் வைத்துப் பற்றவைத்த முனையை ஸ்க்ரூ டெர்மினலில் மாட்டவே கூடாது. ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி, சில மாதத்தில் பிடி தளரும். ஸ்க்ரூவை இறுக்கியதும் ஒயரைக் கையால் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.

எர்த்தை முதலில் மாட்டுங்கள். ஜீரோவை எர்த்துடன் இணைப்பதாக இருந்தால் ஒரே ஒரு இடத்தில்தான். சில மாட்யூல்களில் உள்ளேயே இணைப்பு இருக்கும், அதனால் மேனுவலைப் பார்க்காமல் வெளியே சேர்க்காதீர்கள்.

சரி, இப்போது பவர். மாட்யூலின் கனெக்டரைக் கழற்றி வைத்துவிட்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் ஆன் செய்து, கனெக்டரின் முனையில் வோல்டேஜையும் பிளஸ் மைனஸையும் பாருங்கள். கனெக்டர் கழலாத மாட்யூலாக இருந்தால் ஒயரை மாட்டும் முன் ஒயர் முனையிலேயே பாருங்கள். மீட்டரில் மைனஸ் குறி வந்தால் ஒயர் மாறியிருக்கிறது. சரியாக இருந்தால் ஆஃப் செய்து, மாட்டி, மறுபடி ஆன் செய்யுங்கள்.

அப்புறம் எல்லா வால்வுகளையும் காண்டாக்டர்களையும் ஒன்றாக இயக்கி, மாட்யூலின் டெர்மினலில் அளந்து பாருங்கள். நான் 22 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேனலை மூடுவதில்லை. வால்வு, காண்டாக்டர்களின் டி.சி. காயில் ஒவ்வொன்றின் குறுக்கேயும், அது ஆஃப் ஆகும்போது எழும் வோல்டேஜ் துள்ளலை அடக்க, 1என்4007 டையோடு ஒன்று போடுங்கள், வெள்ளிக் கோடு உள்ள பக்கம் பிளஸுக்கு.