வெயில் காலத்துல ஜோடியா நடக்க டால்பின் நோஸ்

ஏப்ரல் மே வெயில்ல ரெண்டு பேரா எங்கயாவது நடந்துட்டு வரணும்னா கொடைக்கானல் வட்டக்கானல்ல இருந்து டால்பின் நோஸ் பாறை வரைக்கும் போயிட்டு வாங்க, காலைல 7 மணிக்கெல்லாம் கிளம்பிடுங்க, லேட்டானா மேகம் ஏறி பள்ளத்தாக்கே தெரியாம போயிடும், கூட்டமும் சேர்ந்துடும். வழியெல்லாம் மர வேர்தான் படிக்கட்டு மாதிரி இருக்கும், அதுல கை புடிச்சு இறங்குறது தனி சுகம்ங்க!

போகும்போது இறக்கம், திரும்பும்போது முழுக்க ஏத்தம், அதனால தெம்பு மிச்சம் வச்சுக்கோங்க. யாருக்கு மூச்சு வாங்குதோ அவங்க முன்னாடி நடக்கட்டும், அவங்க வேகத்துக்கு மத்தவங்க போங்க, இது ரொம்ப முக்கியம். செருப்பு வேணாம், கிரிப் உள்ள ஷூ போடுங்க, மழை பெஞ்சிருந்தா வேர் பயங்கரமா வழுக்கும்.

பாறை நுனிக்கு போய் செல்ஃபி எடுக்காதீங்க ப்ளீஸ், கீழ அதலபாதாளம், தடுப்பு கிடையாது. நாலடி உள்ள தள்ளி உக்காந்தாலே எல்லாம் தெரியும். தண்ணிக்கு ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கோங்க. 2024 மே மாசத்துல இருந்து கொடைக்கானலுக்கு வண்டில போக இ-பாஸ் கேக்குறாங்க, வீட்லயே ஆன்லைன்ல போட்டுட்டு கிளம்புங்க.