சூடானால் நின்றுவிடும் பழைய கார்: ஆறுவதற்குள் பார்த்துவிடுங்கள்

காரைக்குடியில் எடுக்கும்போது ஒரே சாவியில் கிளம்பும், கானாடுகாத்தான் தாண்டித் திருமயம் பக்கம் போகும்போது நின்றுவிடும், அரை மணி நேரம் புளியமரத்தடியில் போட்டால் ஒன்றுமே நடக்காதது மாதிரி மறுபடியும் கிளம்பும். பத்மினி, அம்பாசடர் மாதிரிப் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய கதை. பட்டறைக்குக் கொண்டுபோகும்போது எஞ்சின் ஆறியிருக்கும், எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும், "ஒன்னும் இல்லண்ணே, கார்ப்பரேட்டர் கழுவி விட்டுட்டேன்" என்று அனுப்பிவிடுவார்கள்.

அதனால் நின்ற இடத்திலேயே, சூட்டோடு பார்க்க வேண்டும். வராமல் போனது கரண்டா, பெட்ரோலா? அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஓடிக்கொண்டிருந்த வண்டி ஸ்விட்சை அணைத்தது போலப் பட்டென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட். திக்கித் திணறி, இழுவை குறைந்து நின்றால் பெட்ரோல்.

முதலில் கரண்ட்டைப் பாருங்கள். பெட்ரோல் டியூபைக் கழற்றிய பிறகு ஸ்பார்க் பார்க்கவே கூடாது, சிந்திய பெட்ரோலில் பொறி விழுந்தால் வண்டியே போய்விடும். டிக்கியில் ஒரு பழைய ஸ்பார்க் பிளக் கிடக்கட்டும். ஒரு பிளக் வயரைப் பிடுங்கி அதில் மாட்டி, அதன் இரும்பு உடம்பு எஞ்சினில் நன்றாகத் தொடும்படி வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள், கூட வந்தவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பொறி நீலமாக, டக் டக்கென்று விழுந்தால் கரண்ட் சரி. மஞ்சளாக மெலிந்து வந்தாலோ, வராமலே போனாலோ பொறிக்கு வலு சேர்க்கும் கண்டென்சரையும், பிளக்குக்கு வேண்டிய அதிக வோல்டேஜைக் கொடுக்கும் காயிலையும் சந்தேகப்படலாம். இரண்டுமே சூட்டில் படுத்து, ஆறினால் எழுந்துகொள்ளும் சாமான்.

எங்கள் பத்மினிக்கு ரேடியேட்டர் அடைப்பு எடுத்தோம், தெர்மோஸ்டாட் மாற்றினோம், ஃபேன் பெல்ட் கூட மாற்றினோம்; ஆனால் டெம்பரேச்சர் முள் ஒருநாளும் நடுவைத் தாண்டியதே இல்லை, அதாவது எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகவே இல்லை, அதை யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில், பின் சீட்டில் ஆச்சி விசிறிக்கொண்டு இருக்க, பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில் இருந்த சுண்டுவிரல் அளவு கண்டென்சரை மாற்றினேன். அதோடு சரி. அதனால் சொல்கிறேன், விலை குறைந்ததை முதலில் மாற்றுங்கள். காயிலை மாற்றுவதாக இருந்தால் ஓம்ஸ் பார்த்து வாங்குங்கள்: காயிலுக்குத் தனி ரெசிஸ்டர் இல்லாத 12 வோல்ட் வண்டிக்குக் காயிலின் பிரைமரி, அதாவது முதல் சுற்று, சுமார் 3 ஓம் இருக்க வேண்டும், 1.5 ஓம் காயிலைப் போட்டால் அதுவே கொதித்துச் செத்துவிடும்.

கரண்ட் சரி என்றால் பெட்ரோல். எஞ்சினை அணைத்து, ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்ப்பரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலேட்டர் கம்பியை ஒரு தடவை இழுங்கள். உள்ளே பீச்சாங்குழல் மாதிரி பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சாவிட்டால் உள்ளே சரக்கு இல்லை. உடனே போய் டேங்க் மூடியைத் திறங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்து, அப்புறம் வண்டி கிளம்பினால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, இல்லையென்றால் துளையே இல்லாத மூடியை யாரோ மாட்டிவிட்டார்கள்.

மூடியில் குற்றமில்லை என்றால், டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துக் கொடுக்க எஞ்சினில் இருக்கும் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போடுங்கள். இரண்டு நிமிடத்தில் கிளம்பினால் நம் ஊரில் ஏர் லாக் என்று சொல்கிறோமே, அதுதான். பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடுகிறது, பம்ப் அந்த ஆவியைத் தள்ளத் தெரியாமல் முழிக்கிறது. ஈரத்துணி வீடு வந்து சேர மட்டும்தான். சைலன்சர் பக்கம் உரசிப் போகும் குழாயைத் தள்ளிக் கட்டுங்கள், பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவே சூட்டைத் தடுக்க இருக்க வேண்டிய தடித்த கட்டை இருக்கிறதா என்று பாருங்கள், பல வண்டிகளில் அதை எடுத்துவிட்டு வெறும் பேக்கிங் வைத்திருப்பார்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும், பழைய ரப்பர் டியூபையும் கெடுக்கும், ஆகவே டியூபையும் மாற்றிவிடுங்கள்.

ஓடும்போது நிற்காமல், டீ குடித்துவிட்டு வந்தபின் கிளம்ப மறுத்து, பெட்ரோல் நாற்றமும் அடித்தால் கதை நேர் எதிர். கார்ப்பரேட்டரில் பெட்ரோல் கொதித்து வழிந்திருக்கிறது. சோக்கைத் தொடாதீர்கள், ஆக்சிலேட்டரைக் கடைசிவரை மிதித்துப் பிடித்தபடியே செல்ஃப் அடியுங்கள். விட்டு விட்டு மிதித்தால் இன்னும் ஊற்றும்.