எத்தனால் அடர்த்திக் கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

0.789 என்ற எண்ணைப் பார்த்ததும் கால்குலேட்டரைத் தட்ட ஆரம்பிப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வருகிறார்கள். தசமப் புள்ளி இடம் மாறுவதையெல்லாம் விட்டுவிடுவோம். இன்னொரு முறை பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

96% ஸ்பிரிட்டை 0.789 ஆல் பெருக்குவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு இது. 0.789 கிராம்/மில்லி என்பது 20 டிகிரி செல்சியஸில் தூய எத்தனாலின் அடர்த்தி. பேரலில் வரும் ஸ்பிரிட் என்பது எத்தனாலும் நீரும் சேர்ந்த கலவை. அந்தக் கலவையின் அடர்த்தி 0.807. 200 லிட்டர் பேரலுக்கு 200 × 0.789 = 157.8 கிலோ என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறார்கள். தராசில் வைத்தால் திரவம் மட்டும் 161.5 கிலோ. அதற்குள் உள்ள எத்தனாலோ 192 லிட்டர், அதாவது 151.5 கிலோ. அப்படியானால் அந்த 157.8 எதன் எடை?

லேபிளில் உள்ள 96% பெரும்பாலும் கனஅளவு சதவீதம். நிறை சதவீதமாக்க: 96 × 0.7892 ÷ 0.8074 = 93.8. தூய எத்தனால் 100 கிராம் வேண்டுமென்று, 100-ஐ 0.96 ஆல் வகுத்து 104.2 கிராம் எடுத்தால் கிடைப்பது 97.8 கிராம்தான். எடுக்க வேண்டியது 106.6. எப்படி எடுத்தாலும் கூடவே 6 கிராமுக்கு மேல் நீரும் போகிறது. எத்தனாலை அமிலத்தோடு வினைபுரிய வைத்து எஸ்டர் என்ற சேர்மத்தைத் தயாரிப்பவர்கள் விளைச்சல் ஏன் குறைகிறது என்று அமிலத்தையும் சூட்டையும் மாற்றிப் பார்ப்பார்கள். கோளாறு முதல் எடையிலேயே இருக்கும்.

நீரைத் தனியாக அளந்து ஊற்றுவது

ஒரு லிட்டர் 70% கரைசலுக்கு 96% ஸ்பிரிட் 729 மில்லி. மீதி 271 மில்லி நீர் என்று ஊற்றினால் கலவை சுருங்கி ஏறக்குறைய 975 மில்லியில் நின்றுவிடும். நீர் ஊற்றும்போதே சிலிண்டர் கைக்குச் சுடும். ஆறவிட்டு, அப்புறம் 1 லிட்டர் கோடு வரை நிரப்புங்கள். மொத்தம் 297 மில்லி அளவுக்கு நீர் பிடிக்கும்.

வெப்பநிலையை எழுதாமல் விடுவது

தூய எத்தனாலின் அடர்த்தி 20 டிகிரியில் 0.789, 25 டிகிரியில் 0.785, 30 டிகிரியில் 0.781. வெயில் காலத்தில், 20 டிகிரியோடு ஒப்பிட்டால், 1000 லிட்டருக்கு 8 கிலோ வித்தியாசம் வருகிறது.

ஒப்படர்த்தி

ஒரு பொருளின் அடர்த்தியை நீரின் அடர்த்தியால் வகுத்தால் கிடைப்பது இது; அதற்கு அலகு கிடையாது. அடர்த்தியோடு குழப்பாதீர்கள்.

கேலன்

ஒரு கேலன் தூய எத்தனாலின் எடை, அமெரிக்க கேலன் என்றால் 6.59 பவுண்டு, பிரிட்டிஷ் கேலன் என்றால் 7.91. எந்த கேலன் என்று கேட்காமல் மாற்றவே மாற்றாதீர்கள்.